வாசகர் கேள்வி – பதில்: டெஸ்லாவும் கரையோர மோட்டார்களும்

கேள்வி: ஏ.சி. மின்சாரத்தைக் கண்டுபிடித்தவர் நிக்கோலா டெஸ்லா என்று பள்ளிப் பேச்சுப்போட்டிக்கு என் மகள் எழுதியிருக்கிறாள். சரிதானா? – தேவிபட்டினம் வாசகர்

அந்த ஒரு வரியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். காந்தத்தை அசைத்தால் மின்சாரம் உண்டாகும் என்று விஞ்ஞானி ஃபாரடே காட்டியது 1831-இல். அடுத்த ஆண்டே பாரிஸில் பிக்ஸி என்ற கருவி செய்பவர் கையால் சுற்றும் ஜெனரேட்டர் செய்துவிட்டார். அதன் சுருளில் உண்டானதே திசை மாறி மாறி ஓடும் ஏ.சி.தான். டெஸ்லா பிறந்ததே 1856-இல், இன்றைய குரோஷியாவின் ஸ்மிலியான் கிராமத்தில்.

ஏ.சி.யில் விளக்கு எரிந்தது. ஒழுங்காக ஓடும் மோட்டார்தான் இல்லாமலிருந்தது. அன்றைய டி.சி. (ஒரே திசை மின்சார) மோட்டாரில் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்க கார்பன் பிரஷ் உரசிக்கொண்டே இருக்க வேண்டும். பிரஷ் தேயும், பொறி பறக்கும். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் அது எத்தனை நாள் தாங்கும்? டெஸ்லா 1882-இல் புடாபெஸ்டில் இருந்தபோது சிந்தித்த வழி வேறு. சுற்றியுள்ள சுருள்களில் மின்னோட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக உச்சத்துக்கு வரவைத்தால், அசையாத சுருள்களுக்குள் காந்தப்புலம் சுழலும். அது நடுவில் உள்ள ரோட்டர் என்ற சுழலும் பகுதியையும் இழுத்துச் சுற்றும். ரோட்டருக்கு வெளியிலிருந்து ஒரு வயர்கூட வேண்டாம். இதற்கான முக்கியக் காப்புரிமைகள் 1888 மே 1 அன்று கிடைத்தன. அதே ஆண்டு அமெரிக்கத் தொழிலதிபர் வெஸ்டிங்ஹவுஸ் அவற்றை வாங்கினார்.

இத்தாலிய விஞ்ஞானி ஃபெர்ராரிஸும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார். நம் ஊரில் ஓடும் மூன்று ஃபேஸ் கூண்டு ரோட்டர் (கூண்டு வடிவ உலோகக் கம்பிகள் கொண்ட ரோட்டர்) மோட்டாருக்கு உருவம் கொடுத்தவர் ரஷ்யப் பொறியாளர் டொலிவோ-டொப்ரோவோல்ஸ்கி, 1889-இல். அந்தப் பெயர்களையும் மகள் சொல்லட்டும். டெஸ்லாவின் பெருமை அதனால் குறையாது.

கேள்வி: எங்கள் வனாமி இறால் குளத்தில் ஏரேட்டர் (நீரில் காற்றைக் கலக்கும் கருவி) மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே கருகிவிட்டது. ரீவைண்டிங் செய்து (சுருளைப் புதிதாகச் சுற்றி) மாட்டினால் இப்போது தலைகீழாகச் சுற்றுகிறது. ஏன்? – தொண்டி வாசகர்

தலைகீழாகச் சுற்றுவது சின்ன விஷயம். மூன்று ஃபேஸின் வரிசை மாறினால் காந்தப்புலம் எதிர்ப்பக்கம் சுழலும். மெயினை அணைத்துவிட்டு, மோட்டாருக்கு வரும் மூன்று வயரில் ஏதாவது இரண்டை மட்டும் இடம் மாற்றுங்கள். மூன்றையும் வரிசையாக நகர்த்தி மாட்டினால் பழைய திசையே இருக்கும்.

கருகியதுதான் கவலைக்குரியது. ரீவைண்டிங் கடையில் கழற்றியபோது இரண்டு தொகுதிச் சுருள் கரியாகவும் மூன்றாவது செம்பு நிறம் மாறாமலும் இருந்ததா என்று கேளுங்கள். ஆமென்றால், ஒரு ஃபேஸ் போன பிறகும் ஸ்டார் இணைப்பில் (மூன்று சுருள்களின் ஒரு முனை ஒன்றாகச் சேரும் இணைப்பு) உள்ள உங்கள் மோட்டார் மற்ற இரண்டில் ஓடியிருக்கிறது. அப்போது அந்த இரண்டிலும் ஏறக்குறைய 1.7 மடங்கு ஆம்பியர் ஏறும். ஃபியூஸ் அதைச் சட்டென்று பிடிக்காது.

ஸ்டார்ட்டரில், ஆம்பியர் கூடினால் மோட்டாரை அணைக்கும் ஓவர்லோடு ரிலேயை மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியருக்கு வையுங்கள், 2 எச்.பி. என்றால் பெரும்பாலும் 3.5 பக்கம் இருக்கும். அடிக்கடி ட்ரிப் ஆகிறதென்று ரிலேயை ஏற்றி வைப்பதுதான் பல மோட்டார்களைக் கொல்கிறது. ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரை அணைக்கும் சிங்கிள் ஃபேசிங் பிரிவென்டரும் போடுங்கள். ஆனால் அது மோட்டாரைக் காப்பாற்றும், இறாலைக் காப்பாற்றாது. விடியலுக்கு முன்புதான் குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அந்த நேரத்தில் மோட்டார் நின்றால் ஆளை எழுப்ப ஒரு அலாரமும் அவசியம்.

கடற்கரையில் ஃபேஸ் போவதற்குப் பெரும்பாலும் காரணம் டெர்மினல் பெட்டிதான். ரப்பர் கேஸ்கட் வெடித்திருந்தால் ஈரமும் உப்பும் உள்ளே போய், வயர் முனையில் உள்ள லக்கில் பச்சை பூத்து, இணைப்பு சூடாகித் தீய்ந்துவிடும். கேஸ்கட்டையும், கேபிள் நுழையும் இடத்தை அடைக்கும் கிளாண்டையும் மாற்றுங்கள். மழைக்காலத்துக்குப் பின் 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) பார்த்து, 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் உலர்த்தாமல் ஓட்டாதீர்கள்.

கேள்வி: கம்பியில்லாமல் ஊருக்கே கரண்ட் கொடுக்கும் ரகசியம் டெஸ்லாவோடு போய்விட்டதாமே? – ராமேஸ்வரம் மாணவர்

ரகசியம் எதுவும் இல்லை. 1901-இல் நியூயார்க் அருகே வார்டன்கிளிஃப் கோபுரத்தைத் தொடங்கினார். பணம் நின்றது, 1917-இல் இடித்தார்கள். கம்பியில்லாமல் அனுப்பும் சக்தி தூரம் போகப் போகப் பரவிக் குறைந்துவிடும் என்பதுதான் தடை. அவர் 1898-இல் ரேடியோ அலையால் சிறு படகை இயக்கிக் காட்டியதைப் படியுங்கள், அது நிஜம்.

கேள்வி: வீட்டு 1 எச்.பி. மோட்டார் 'ம்ம்' என்று உறுமுகிறது, சுற்றவில்லை. – மண்டபம் வாசகி

உடனே அணையுங்கள், அம்மா. ஒரே ஃபேஸில் காந்தப்புலம் சுழலாது, துடிக்க மட்டும் செய்யும். இரண்டாவது சுருளோடு கண்டன்சர் சேர்த்தால்தான் சுழற்சி பிறக்கும். மோட்டாரில் கண்டன்சரைச் சேர்க்கும் உத்திக்கும் 1891-இல் டெஸ்லா காப்புரிமை பெற்றார்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, விசிறிப் பக்கம் தண்டைத் திருப்பிப் பாருங்கள். இறுகியிருந்தால் பம்பு துருப்பிடித்திருக்கிறது. இலகுவாகச் சுற்றினால் கண்டன்சரைச் சந்தேகப்படலாம். தொடுமுன் அதன் இரு முனைகளுக்கும் குறுக்கே பழைய குண்டு பல்பைப் பிடித்து மிச்ச மின்சாரத்தை இறக்க வேண்டும். பழக்கமில்லையென்றால் எலெக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மேலே அச்சிட்ட மைக்ரோஃபாரட் அளவே வேண்டும், 440 வோல்ட் தாங்குவதாக. குறைத்துப் போட்டால் கிளம்பாது, கூட்டிப் போட்டால் இரண்டாவது சுருள் சூடாகும். மாற்றியும் உறுமினால் வோல்டேஜைப் பாருங்கள்: 230-க்குப் பதில் 180 வந்தால் சுழற்றும் விசை வழக்கமானதில் சுமார் 60 சதவீதமாக இறங்கிவிடும்.