வரப்போவதற்கு வாடகை கொடுக்காதீர்கள்

புதூர் தாண்டினால் கண்ணாடி முகப்பு வைத்த கட்டடம், திருநகர் தாண்டினால் இன்னொன்று. கீழே நாலு ஷட்டர், மேலே 'டு லெட்' பலகை. பழைய மதுரைக்குள் இடம் இல்லாமல் இல்லை. ஆனால் மீனாட்சி அம்மன் கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டக் கூடாது, மாசி வீதிகளில் காரை நிறுத்தவும் வழியில்லை. அதனால் பெரிய கடைகள் வெளியே நகர்கின்றன, சின்னக் கடைகள் பின்னாலேயே வருகின்றன. இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி அந்தப் பலகையின் கீழே நின்று யோசித்தவர்களுடையவை.

சார், புது நத்தம் ரோட்டில் ஒரு புதுக் காம்ப்ளக்ஸ். முதல் மாடியில் 400 சதுர அடி, தரைத்தளத்தைவிட வாடகை பாதிதான். தையலும் மேட்சிங் பிளவுஸ் துணியும் போடலாம் என்று இருக்கிறேன். எடுக்கலாமா? – வாசகி, ஐயர் பங்களா

தையலுக்கு எடுக்கலாம். துணிக்கு யோசியுங்கள். கை நன்றாக இருக்கிற தையல்காரரைத் தேடி மூன்று மாடிகூட ஏறுவார்கள். ஒரு மீட்டர் லைனிங் துணிக்கு யாரும் படி ஏற மாட்டார்கள், கீழேயே எங்காவது வாங்கிக்கொள்வார்கள்.

அடுத்தது அந்த ரோடு. 2023 ஏப்ரலில் 7.3 கிலோமீட்டர் மேம்பாலம் திறந்த பிறகு ஊமச்சிகுளம், நத்தம் பக்கம் போகிற வண்டிகளில் பெரும்பகுதி உங்கள் தலைக்கு மேலே போய்விடுகிறது. கீழே ஓடுவது அக்கம்பக்கத்துக்காரர்களின் ஸ்கூட்டிதான். உங்கள் தொழிலுக்கு அவர்களே போதும், நல்லதும்கூட. ஆனால் கட்டட உரிமையாளர் 'மெயின் ரோடு' என்று சொல்லி வாடகை ஏற்றினால், மேலே பாலத்தைக் காட்டுங்கள்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு வேலை. ஒரு வியாழன், ஒரு ஞாயிறு, மாலை ஐந்தரையிலிருந்து எட்டரை வரை எதிர்ப்புற டீக்கடையில் உட்காருங்கள். போகிற வண்டிகளை விட்டுவிடுங்கள், எத்தனை வண்டி நிற்கிறது என்று மட்டும் எண்ணுங்கள். வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்புகிறவர்களுக்கு இடப்பக்கம் இருக்கிற கடைதான் மாலை வியாபாரத்தைப் பிடிக்கும். பாலத்தூண் இருக்கிற ரோட்டில் எதிர்ப்பக்கக் கடைக்காக யாரும் சுற்றிக்கொண்டு வருவதில்லை.

அப்புறம் மாடிப்படி. புதுக் கட்டடங்களில் தரைத்தளக் கடைகளுக்கு அகலம் கொடுத்துவிட்டு, மிச்ச இடத்தில் படியைச் சொருகிவிடுகிறார்கள். நான் பார்த்த ஒரு காம்ப்ளக்ஸில் ஏடிஎம் கூண்டுக்கும் பைக் நிறுத்தத்துக்கும் நடுவே இரண்டரை அடிச் சந்துதான் படிக்கு வழி. மாடியில் இருந்த அழகு நிலையத்துக்காரர், 'இதோ இப்படி வாங்க' என்று அம்புக்குறி ஒட்டியே ஓய்ந்துபோனார். படியில் கைப்பிடி, இரவில் விளக்கு, மாடியில் பெண்களுக்குக் கழிப்பறை, தண்ணீர் எல்லாவற்றையும் நேரில் திறந்து பாருங்கள். மின் இணைப்பு நிரந்தரமா, கட்டுமானக் காலத்துத் தற்காலிக இணைப்பா என்றும் கேளுங்கள். பெரிய வணிகக் கட்டடங்களுக்குப் பணி முடிப்புச் சான்று வாங்கினால்தான் நிரந்தர இணைப்பு கிடைக்கும். தற்காலிக இணைப்பின் யூனிட் கட்டணம் கூடுதல், அது உங்கள் தையல் மெஷின் தலையில்தான் விழும்.

ஒத்தக்கடையில் கடையோடு சேர்ந்த இடம் விலைக்கு வருகிறது. மெட்ரோ வரப்போகிறது, இப்போது விட்டால் கிடைக்காது என்கிறார் புரோக்கர். – வாசகர், நரசிங்கம்

திருமங்கலத்திலிருந்து ஒத்தக்கடை வரை சுமார் 32 கிலோமீட்டருக்கு மெட்ரோ என்பது திட்டம். அந்தத் திட்டத்தின் அறிக்கையை 2025 நவம்பரில் மத்திய அரசு திருப்பி அனுப்பிவிட்டது. நாளைக்கே அனுமதி வந்தாலும் முதல் ரயில் ஓடப் பல வருடம் ஆகும். அதற்குள் ரோட்டைத் தோண்டித் தகரம் அடைத்தால், கடை வாசலுக்கு ஆள் வர முடியாத வருடங்களும் அதில் சேரும். புரோக்கர் அதைச் சொல்லியிருக்க மாட்டார்.

ஒத்தக்கடைக்கு இருப்பதை வைத்தே கணக்குப் போடலாம். வேளாண் கல்லூரி 1965 முதல் இருக்கிறது, உயர் நீதிமன்றக் கிளை 2004 ஜூலை முதல். ஜெராக்ஸ், டைப்பிங், மெஸ், லாட்ஜ் எல்லாம் அதை நம்பித்தான். ஆனால் நீதிமன்றத்தை நம்பிய கடைக்கு மாதத்தில் நாலு சனி, நாலு ஞாயிறு போய்விடும், மே மாதம் கோடை விடுமுறை வேறு. பதினோரு மாத வியாபாரத்தில் பன்னிரண்டு மாத வட்டி கட்ட முடியுமா என்று பாருங்கள். முடிந்தால் வாங்குங்கள். மெட்ரோ வந்தால் அது மேல்வரும்படி.

கூடல் நகரில் 22 வருடமாக மளிகைக்கடை வைத்திருக்கிறேன். இரண்டு தெரு தள்ளிப் பெரிய சூப்பர் மார்க்கெட் திறக்கிறார்கள். மகன் கடையை மூடிவிடலாம் என்கிறான். – பெயர் வேண்டாம்

அண்ணாச்சி, மூடாதீர்கள். ஆனால் இப்படியே நடத்தவும் வேண்டாம்.

முதல் ஆறு மாதம் அடி விழும், அதைத் தாங்கக் கையில் பணம் வேண்டும். திறப்பு விழாச் சலுகையில் எண்ணெய், சர்க்கரை, சோப்பு மூன்றையும் கொள்முதல் விலைக்கே கொடுப்பார்கள். அந்த மூன்றில் அவர்களோடு மோதாதீர்கள். கீழமாசி வீதியில் நீங்கள் மூட்டையாக எடுக்கிற விலைக்கும் அவர்கள் லாரிக் கணக்கில் இறக்குகிற விலைக்கும் ஒருநாளும் ஒத்துவராது. அவற்றில் இருப்பைக் குறைத்து, அந்தப் பணத்தை வேறு சரக்கில் போடுங்கள்.

அங்கே கிடைக்காதது எது? பத்து ரூபாய்க்கு இஞ்சியும் பச்சை மிளகாயும். காலை ஆறு மணிக்கு இட்லி மாவு. ஆட்டிப் பார்த்து எடுத்துக் கொடுக்கிற தேங்காய். 'அவசரமா ஒரு பாக்கெட் ரவை' என்று போன் வந்தால் ஐந்து நிமிடத்தில் சைக்கிளில் போகிற பையன். அங்கே பில் போடுகிற வரிசையில் நிற்கிற நேரத்தில் இங்கே நாலு பேருக்குச் சாமான் கட்டிவிடலாம். மாதச் சாமான் போகும் அண்ணாச்சி, ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அன்றாடச் சாமான் நிற்கும், லாபம் அதில்தான் கூடுதல்.

பற்று நோட்டில் கவனம் தேவை. புதுக் கடை திறந்த மாதத்தில் பாக்கி வைத்தவர்கள் பாக்கியோடு அங்கே போவார்கள், ரொக்கம் அங்கே, கடன் இங்கே என்று ஆகிவிடும். திறப்பு விழாவுக்கு முன்பே பெரிய பாக்கிகளைக் கேட்டு வாங்கிவிடுங்கள். மகனிடம் கொடுக்க வேண்டிய முதல் வேலை இதுதான். வயதானவர்கள் தயங்குவார்கள், அவன் சிரித்துக்கொண்டே கேட்டுவிடுவான்.

காய்கறியைப் பெரிதாகப் பரப்பாதீர்கள். உழவர் சந்தையே 1999-ல் நம் அண்ணா நகரில்தான் முதலில் தொடங்கியது, காய் விலையில் மதுரைக்காரரை ஏமாற்ற முடியாது. தக்காளி, வெங்காயம், தேங்காய், கீரை போதும்.

கட்டட உரிமையாளர் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார். ஒப்பந்தம் 11 மாதத்துக்கு, வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்ளலாம் என்கிறார். – வாசகர், திருநகர்

வெள்ளைத்தாள் வேண்டாம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதிந்து எண் வாங்க வேண்டும். மாநகராட்சிக்குள் இருக்கிற உங்களுக்கு இது பொருந்தும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்பதுதான் பொது விதி. ஆனால் இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் அது செல்லும் என்று ஓர் ஓட்டையும் அதிலேயே இருக்கிறது. பத்து மாதத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்றுதான் சட்டம் என்று பிறகு வாதாட முடியாது. பேரத்தை இப்போதே முடியுங்கள்.

11 மாதக் கணக்கு எதற்கென்றால், ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பத்திரப்பதிவு செய்தாக வேண்டும் என்பதால். செலவு மிச்சம்தான். ஆனால் நீங்கள் மூன்று லட்சத்துக்கு மர வேலை செய்துவிட்டு, பன்னிரண்டாம் மாதம் 'வாடகை இரட்டிப்பு' என்று அவர் சொன்னால் என்ன செய்வீர்கள்? உள் அலங்காரத்துக்குப் பணம் போடுகிறவர்கள் மூன்று அல்லது ஐந்து வருடம் எழுதிப் பதிவு செய்யுங்கள். வருடத்துக்கு எத்தனை சதவீத உயர்வு, ஜெனரேட்டர் செலவு யாருடையது, முன்கூட்டிக் காலி செய்தால் எத்தனை மாத நோட்டீஸ், மூன்றையும் எண்ணால் எழுதுங்கள். 'பேசிக்கொள்ளலாம்' என்கிற வார்த்தை ஒப்பந்தத்தில் வரவே கூடாது.

உரிமையாளருக்கு ஜிஎஸ்டி எண் இல்லை. அப்படியானால் கடை வாடகைக்கு வரி கிடையாதுதானே? – வாசகர், ஆனையூர்

நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்தவரா என்பதைப் பொறுத்தது. பதிவு செய்திருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் வாடகைக்கான 18 சதவீத ஜிஎஸ்டியை நீங்களே கட்ட வேண்டும், பிறகு உங்கள் விற்பனைக்குக் கட்ட வேண்டிய வரியில் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டுகிற காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. பதிவே இல்லாத சின்னக் கடைக்கு இந்தக் கவலை இல்லை.

புதுத் துணிக்கடையில் விற்பனைப் பெண்ணாகச் சேர்ந்திருக்கிறேன். காலை பத்து முதல் இரவு ஒன்பது வரை நின்றுகொண்டே இருக்கிறோம். உட்கார்ந்தால் திட்டு. – வாசகி

தங்கச்சி, உட்காருவது உங்கள் உரிமை. 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் எல்லாருக்கும் இருக்கை தர வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். தொழிலாளர் துறைக்கு நாலைந்து பேர் சேர்ந்து எழுதுங்கள். தனியாக எழுதினால் யாரென்று உடனே தெரிந்துவிடும். கடை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: லட்ச ரூபாய்க்குக் கண்ணாடி பதிக்கிறீர்கள், நாலு ஸ்டூல் வாங்குங்கள்.

வண்டியூர் பக்கம் 12 சென்ட், காம்ப்ளக்ஸ் கட்ட ஏற்ற இடம். பத்திரம், பட்டா சரியாக இருக்கிறது. வேறென்ன பார்க்க வேண்டும்? – வாசகர், சவூதி

தண்ணீர். மதுரையின் புறநகர் முக்கால்வாசி கண்மாயும் அதன் பாசன வயலும்தான். உலகனேரி, பீபிகுளம் என்று ஊர்ப் பெயரே சொல்லும். அ-பதிவேட்டையும் (வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு) புல வரைபடத்தையும் (சர்வே எண்ணின் அளவு வரைபடம்) எடுத்து, உங்கள் சர்வே எண்ணை ஒட்டி ஓடையோ வாய்க்காலோ போகிறதா என்று பாருங்கள். இப்போது அது தரையில் தெரியாமல் இருக்கலாம், மழைக்கு நினைவிருக்கும். 2024 அக்டோபர் 25 அன்று பெய்த மழையில் செல்லூர், நரிமேடு பட்ட பாட்டை ஊரில் யாரிடமும் கேளுங்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு வீடியோ பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். ஐப்பசியில் வீட்டார் யாரையாவது அனுப்பி, மழை விட்ட மறுநாள் அங்கே நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

மேற்குப் பார்த்த கடை ராசியில்லை என்கிறார்கள். உண்மையா? – வாசகர், விளாங்குடி

ராசி எனக்குத் தெரியாது. மதுரை வெயில் தெரியும். மூன்று மணியிலிருந்து ஆறு வரை முகப்பு முழுவதும் காயும், ஏசி பில் ஏறும். எங்கள் உறவினர் ஒருவர் அப்படிப்பட்ட கடையில் ஷோகேஸ் பொம்மைக்கு மெரூன் பட்டுச் சேலை உடுத்தியிருந்தார். ஆடித் தள்ளுபடிக்கு அதை அவிழ்த்தபோது வெயில் பட்ட மடிப்பு மட்டும் ரோஸ் நிறத்துக்கு வந்திருந்தது. மற்றதெல்லாம் பிடித்திருந்தால் கடையை எடுங்கள். நாலடிக்கு முன்சாய்ப்பு இறக்குங்கள், பொம்மைக்கு வாரம் ஒரு சேலை மாற்றுங்கள்.