டேபிள் சா: மாம்பலகை கருகுகிறது, எகிறுகிறது, எந்த பிளேடு வாங்கலாம்?

கேள்வி: பாலக்கோட்டில் வீட்டோடு சேர்த்து சின்னதாக தச்சு வேலை செய்கிறேன். 10 இன்ச் டேபிள் சாவும் 80 பல் பிளேடும் வாங்கினேன். பிளைவுட் அருமையாக வெட்டுகிறது. ஆனால் மாம்பலகையை நீளவாக்கில் அறுத்தால் ஓரம் கருகுகிறது, போன வாரம் ஒரு துண்டு என் பக்கமே எகிறி வந்தது. பிளேடுக்குப் பின்னால் நிற்கும் தகட்டைக் கழற்றிவிட்டால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். கழற்றலாமா, வேறு பிளேடு வாங்கணுமா?

பதில்: தகட்டைக் கழற்றவே கழற்றாதீர்கள், கழற்றியிருந்தால் இன்றைக்கே மாட்டுங்கள். அதுதான் ரிவிங் நைஃப். சரியாகக் காயாத மரம் அறுபட்டதும் இரண்டு பக்கமும் நெருங்கி பிளேடைக் கவ்வும், பின்பக்கப் பற்கள் கீழிருந்து மேலே வருகிறவை என்பதால் பலகையைத் தூக்கி உங்கள் மேலேயே எறியும், கையை இழுக்கக்கூட நேரம் இருக்காது. அந்த நெருக்கத்தைத் தடுக்கத்தான் தகடு நிற்கிறது.

கருகுவதற்கு முக்கியக் காரணம் பிளேடு. 80 பல்லில் பல்லுக்குப் பல் இடைவெளி குறைவு, நீளவாக்கில் வரும் தூள் வெளியேற வழியில்லாமல் சூடாகிவிடும். நாட்டு மரத்தை நீளமாக அறுக்க 24 பல் கார்பைடு பிளேடு தனியாக வாங்குங்கள். 80 பல்லை பிளைவுட்டுக்கும் மைக்காவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாத்துக்கும் ஒரே பிளேடு என்று 40 பல் விற்பார்கள், ஓரளவுக்கு ஓடும்தான், ஆனால் உங்களுக்கு இரண்டு வேலையும் இருக்கிறது, அதனால் நான் இரண்டு பிளேடுதான் சொல்வேன்.

கடையில் விலையைக் கேட்கும் முன் பிளேடின் மேல் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். நடு ஓட்டை 25.4 மிமீயா 30 மிமீயா என்பது உங்கள் மெஷினோடு பொருந்த வேண்டும், பிளேடு தாங்கும் அதிகபட்ச ஆர்பிஎம் மெஷின் சுற்றும் வேகத்தைவிடக் குறையக் கூடாது. அப்புறம் பலரும் கவனிக்காதது, ரிவிங் நைஃபின் கனம் பிளேடின் உடலைவிடக் கூடுதலாகவும் பல் போடும் வெட்டின் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்கணும். மெல்லிய பிளேடு வாங்கினால் பலகை தகட்டில் போய் முட்டி நிற்கும், பாவம், கடைசியில் பழி தகட்டின் மேல் விழும். உங்கள் கடைக்காரர் தகட்டைக் கழற்றச் சொன்னதற்குக் காரணமும் இதுவாக இருக்கலாம், அளந்து பாருங்கள்.

புது பிளேடு போட்டும் கருகினால் ஃபென்ஸை, அதாவது பலகையை ஒட்டி நேராகத் தள்ள உதவும் பக்கத் தடுப்பைப் பாருங்கள். அதன் பின்முனை பிளேடு பக்கம் சாய்ந்திருந்தால் பலகை இடுக்கில் சிக்கும், கருகும், எகிறும்.

அறுக்கும்போது பிளேடுக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். ஃபென்ஸுக்கும் பிளேடுக்கும் நடுவே 6 இன்ச்சுக்குக் குறைவாக இருந்தால் கையால் தள்ளக் கூடாது, தள்ளுகட்டைதான். கண்ணாடி கட்டாயம், கையுறை வேண்டாம், அது சிக்கினால் கையையும் சேர்த்து இழுத்துவிடும். பிளேடு மாற்றும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

உங்கள் 80 பல் பிளேடில் இப்போது மாம்பிசின் ஏறிப்போயிருக்கும். கழற்றி சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பழைய பிரஷால் தேய்த்து நன்றாகத் துடைத்துக் காயவையுங்கள், அதற்கப்புறமும் வெட்டு சரியில்லை என்றால் மட்டும் சாணை பிடிக்கக் கொடுங்கள்.