மண் நுண்ணுயிர்களின் வேதியியலைப் படிக்க விரும்பும் மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

இளநிலை நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் தங்கள் மகள், நோயறி ஆய்வக வேலைக்கான பயிற்சியில் சேர மறுத்துவிட்டு, மண்ணிலும் வேரிலும் வாழும் நுண்ணுயிர்கள் ஒன்றன்மீது ஒன்று செலுத்தும் வேதிப்பொருள்களை ஆராயப்போவதாகச் சொல்வது கவலை தருகிறது என்று எழுதியிருந்தீர்கள். அத்துறையில் வாழ்வு உண்டு. வேதியியலுக்கு அஞ்சுகிறவர்களுக்கு மட்டும் அது கடினம். ஆகவே, அவர் வரும் ஓராண்டில் வேதியியலில் எவ்வளவு ஊன்றிப் படிக்கிறார் என்பதைத்தான் தாங்கள் கவனிக்க வேண்டும்.

நெல் விவசாயக் குடும்பம் என்று குறிப்பிட்டிருந்ததால், நெல்லைப் பற்றிய ஓர் ஆய்வையே எடுத்துக்கொள்கிறேன். நெல் நாற்றுகளைக் கருகச் செய்யும் ரைசோபஸ் பூஞ்சை, ரைசாக்சின் என்னும் நச்சைத் தானே உண்டாக்கி, நாற்றின் வேரில் செல்கள் பிரிவதைத் தடுக்கிறது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஜெர்மனியின் ஜெனா நகரில் உள்ள ஹான்ஸ் க்னோல் நிறுவனத்தில், கிறிஸ்டியான் ஹெர்ட்வெக்கின் வழிகாட்டுதலில் முனைவர் பட்டத்துக்காக ஆய்ந்துவந்த மெக்சிகோ மாணவி லைலா பார்ட்டிடா மார்ட்டினெஸ், பூஞ்சையின் செல்லுக்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியாவே அந்த நச்சைத் தயாரிக்கிறது என்று 2005இல் காட்டினார். ஆன்டிபயாடிக் கொடுத்துப் பாக்டீரியாவை நீக்கியதும் பூஞ்சையில் நச்சு இல்லாமல் போயிற்று; பிரித்தெடுத்துத் தனியே வளர்த்த பாக்டீரியாவோ நச்சைச் சுரந்தது. குடியிருக்கும் பாக்டீரியா இல்லாவிட்டால் அந்தப் பூஞ்சையால் தன் இனத்தைப் பெருக்கும் நுண்வித்துகளை உண்டாக்கவே முடியாது என்பதும் 2007இல் தெரியவந்தது. நோய்க்கு யார் காரணம் என்ற பழைய கேள்விக்கே விடை மாறிப்போனதை எண்ணினால், மகளுக்கு இத்துறைமீது உள்ள ஈர்ப்பு தங்களுக்கும் புரியும் என்று நம்புகிறேன்.

இந்த முடிவை எட்டப் பூஞ்சை வளர்ப்பு, நுண்ணோக்கி, மரபணு வரிசை ஆகியவற்றோடு, கலவையிலிருந்து ஒரு சேர்மத்தைப் பிரித்து அதன் அமைப்பை அறியும் திறனும் தேவைப்பட்டது. என்னிடம் வரும் நுண்ணுயிரியல் மாணவர்களில் பலர் இந்தக் கடைசித் திறனை வேதியியல் துறையின் வேலை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். வேலைவாய்ப்பு நோக்கிலும் அது பெரிய இழப்பு. மண் பாக்டீரியா சுரக்கும் சேர்மத்தைப் பிரிக்கும் அதே எச்.பி.எல்.சி. என்னும், கலவையைக் கூறுகளாகப் பிரிக்கும் கருவிதான் மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலும் அன்றாடம் இயங்குகிறது. உயிர்ப் பூச்சிக்கொல்லி, உயிர் உரத் தொழிலுக்கும் இவ்வறிவு பொருந்தும். தாங்கள் ஒரு கிலோ விதைக்குப் பத்துக் கிராம் என்று கலக்கும் சூடோமோனாஸ் தூளில் உள்ள பாக்டீரியா, இரும்பைக் கவர்ந்துகொள்ளும் சேர்மங்களையும் ஆன்டிபயாடிக்குகளையும் சுரந்துதான் நோய்ப் பூஞ்சைகளை அடக்குகிறது.

வருமானத்தைப் பற்றி மறைக்காமல் சொல்லவேண்டும். முதுநிலைப் பட்டத்தோடு கிடைக்கும் முதல் வேலையில் சம்பளம் குறைவாகவே இருக்கும். ஆய்வுக்குச் செல்வதாயின் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகையைப் பெறவேண்டும், அதற்கு, 2023இல் உயர்த்தப்பட்டபடி, தொடக்க இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும், வீட்டு வாடகைப் படியும் உண்டு. முனைவர் பட்டத்துக்குப் பின் நிரந்தரப் பேராசிரியர் பணி அரிது என்பதையும் தாங்கள் இப்போதே அறிந்திருப்பது நல்லது. குடும்பத்துக்கு உடனே வருமானம் தேவையெனில், முதுநிலை முடித்து ஒன்றிரண்டு ஆண்டுகள் தொழில் நிறுவனத்தில் பணியாற்றிவிட்டு ஆய்வுக்குத் திரும்பலாம். அந்தக் கருவி அனுபவம் வீணாகாது.

முதுநிலைக்கு ஜாம் (ஐ.ஐ.டி.கள் நடத்தும் முதுநிலை அறிவியல் தேர்வு), கேட்-பி (உயிர்த்தொழில்நுட்ப முதுநிலைக்கானது) ஆகிய நுழைவுத் தேர்வுகளை எழுதட்டும். பாடப்பிரிவின் கவர்ச்சியான பெயரைப் பார்க்காமல், அத்துறையில் மூலக்கூறுகளின் நிறையை அளந்து சேர்மத்தை அடையாளம் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் உள்ளதா, மாணவர்களே அதை இயக்க அனுமதி உண்டா, இறுதிப் பருவத் திட்டப்பணியை வெளி ஆய்வகத்தில் செய்யலாமா என்று கேட்டறியுங்கள். முதுநிலைக்காகக் கடன் வாங்கி வெளிநாடு அனுப்புவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். 1996இல் ஜெனாவிலேயே தொடங்கப்பட்ட மாக்ஸ் பிளாங்க் வேதிச் சூழலியல் நிறுவனம் போன்ற இடங்களில் முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஊதியம் உண்டு. ஆகவே வெளிநாட்டு ஆசையை அந்தக் கட்டத்துக்கு ஒத்திவைப்பதே சிக்கனம்.

உடனே செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. இந்திய அறிவியல் கழகங்கள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டத்துக்கு மகளை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஓர் ஆய்வகத்தில் இருந்தால், இவ்வேலையின் சலிப்பையும் மகிழ்ச்சியையும் அவரே எடைபோட்டுக்கொள்வார். விண்ணப்பத்தில், நுண்ணுயிர்களின் சேர்மங்களை ஆராயும் ஆசிரியர்களையே விருப்பமாகக் குறிப்பிட வேண்டும். துணைப்பாட வேதியியலில் இதுவரை பெற்ற மதிப்பெண்களை எனக்கு அனுப்பினால், எந்த ஆய்வகங்கள் பொருந்தும் என்பதை அவருடனேயே பேசி முடிவு செய்கிறேன்.