துரு தாங்கும் காபிச் செடியில் துரு: குறை நாற்றிலா, பூஞ்சையிலா?

கேள்வி: இலைத்துரு தாங்கும் ரகம் என்று அராபிகா நட்டு எட்டு வருடமாகிறது. இவ்வளவு நாள் சுத்தமாக இருந்த செடிகளில் இப்போது இலையடியில் ஆரஞ்சுப் பொடி. நாற்றில் கலப்படமா, பூஞ்சையே மாறிவிட்டதா? அடுத்த நடவுக்கு இதிலேயே விதை எடுக்கலாமா?

பதில்: முதலில் தோட்டத்தைச் சுற்றிவந்து, பொடி தெரியும் செடிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகளில் மட்டும் வந்து, பக்கத்துச் செடிகள் வருடா வருடம் சுத்தமாகவே இருந்தால் சந்தேகம் நாற்றின் மேல்தான். நேற்றுவரை சுத்தமாக இருந்தவை இரண்டு மூன்று பருவத்தில் வரிசையாக விழுந்தால் பூஞ்சையில் புது இனம் (அதே பூஞ்சைதான், ஆனால் தாக்கும் ரகங்கள் வேறு) வந்திருக்கலாம். நீங்கள் சொல்வது இரண்டாவதைப் போலத்தான் தெரிகிறது. இலையைத் திருப்பியும் பாருங்கள். பொடி வராமல் வெளிர்மஞ்சள் புள்ளியோடே நின்றுவிட்டால் செடி இன்னும் எதிர்த்து நிற்கிறது. விரலில் ஒட்டும் அளவுக்குப் பொடி இருந்தால் அந்தத் தடை உடைந்துவிட்டது.

அந்தப் பொடிதான் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் பூஞ்சையின் யூரிடோஸ்போர், அதாவது நோயைப் பரப்பும் வித்து. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒவ்வொன்றும் சிறுநீரக வடிவில், முதுகில் முள்ளும் வயிற்றுப்பக்கம் வழவழப்புமாக இருக்கும். ஈரமான இலையடியில் விழுந்தால் இலைத்துளை வழியாக உள்ளே போய், சில வாரங்களில் தன்னைப் போன்றவற்றையே வெளியே தள்ளும். பதியன் போட்ட செடி தாய்ச்செடியாகவே இருப்பதுபோல, பிறப்பது எல்லாம் நகல்.

கோதுமைத் தண்டுத்துருவுக்குப் பாலினப் பெருக்கம் நடக்க பார்பெரி என்ற இன்னொரு செடி உண்டு. காபித் துருவுக்கு அப்படி ஒன்று இதுவரை சிக்கவில்லை. அதன் பெசிடியோஸ்போர்கள் (இன்னொரு வகை வித்து) காபியைத் தொற்றுவதும் இல்லை. யூரிடோஸ்போருக்குள்ளேயே மறைவாகப் பாலினப் பெருக்கம் நடக்கிறது என்று 2011-இல் ஓர் ஆய்வு சொன்னது. அது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது. மரபணுத்தொகுதியை ஒப்பிட்ட பிந்தைய ஆய்வு ஒன்று மூன்று தனித்தனிக் கிளைகளையும், அவற்றுக்கு இடையே எப்போதோ நடந்த கலப்பின் தடயங்களையும் காட்டியது.

சரி, நகலே பிறந்தால் மாற்றம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் திடீர்மாற்றத்திலிருந்து, அதாவது மரபணுவில் தற்செயலாக நேரும் மாற்றத்திலிருந்து. செடியின் எதிர்ப்பு மரபணு பூஞ்சையின் ஏதோ ஒரு அடையாளத்தைக் கண்டுபிடித்துத் தடுக்கிறது. ஸ்போரில் இரண்டு உட்கரு உண்டு. ஒன்றில் அந்த அடையாளம் அழிந்தாலும் மற்றது காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் பாதி அழிந்த நகல் மற்ற காபிச் செடிகளில் பெருகிக்கொண்டே இருக்கும். கோடிக்கணக்கான ஸ்போர்களில் ஏதோ ஒன்றில் மீதியும் அழிந்தால் போதும், அதற்கு உங்கள் ரகம் திறந்த வீடு. வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் இருந்து, பிறகு சட்டென்று பரவுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இது புதிதல்ல. இந்தியாவில் துரு தாங்கும் என்று தேர்ந்த கென்ட் ரகம் பின்னால் துருவுக்குப் பணிந்தது. போர்ச்சுகலின் ஓயராஷ் நகரில் 1955 முதல் இயங்கும் காபித் துரு ஆய்வு மையம் இதுவரை 50-க்கும் மேற்பட்ட இனங்களைப் பிரித்திருக்கிறது. திமோர் கலப்பினத்திலிருந்து (அராபிகாவும் ரொபஸ்டாவும் இயற்கையில் கலந்தது) வந்த கட்டிமோர் வகைகளும் பல நாடுகளில் எதிர்ப்பை இழந்துவிட்டன.

விதை எடுக்காதீர்கள். அராபிகா பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கைதான் என்றாலும் கொஞ்சம் அயல்கலப்பு நடக்கும், கலப்பின வழிவந்தவற்றில் பிள்ளைச் செடிகள் ஒன்றுபோல வராது. சுத்தமாகத் தெரியும் செடியும் தொற்றுக்குத் தப்பியதாக இருக்கலாம். ஆராய்ச்சி நிலைய விதையை வாங்குங்கள். எதிர்ப்பு வெவ்வேறு மூலத்திலிருந்து வந்த இரண்டு மூன்று ரகங்களைக் கலந்து நடுங்கள்.

இருக்கும் செடிகளைப் பிடுங்க வேண்டாம், மிச்ச எதிர்ப்பு பயன்படும். காய் அளவுக்கு மீறிப் பிடித்தால் செடி துருவுக்குச் சீக்கிரம் இடம்கொடுக்கும், அதனால் கவாத்தை விடாதீர்கள். மழைக்கு முன் போர்டோ கலவையை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்தது) இலையடி நனையும்படி அடியுங்கள். ஊடுருவும் மருந்து அடித்தால் ஒரே வகையைத் திரும்பத் திரும்ப அடிக்காதீர்கள். ரகத்தை உடைத்தது போலவே இன்னொரு திடீர்மாற்றம் மருந்தையும் உடைக்கலாம். பொடியுள்ள இலைகளைப் பிளாஸ்டிக் பையில் போடாமல் காகித உறையில் உலர்த்தி, ரகத்தின் பெயரும் நட்ட வருடமும் எழுதி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.