காவிரி மணலில் கோடுகோடாகப் படியும் கருமணல் எரிமலையிலிருந்து வந்ததா?

இல்லை. திருவையாற்றிலும் கொள்ளிடக் கரையிலும் தெரியும் அந்தக் கருப்பு, மேற்கே உள்ள நைஸ், சார்னக்கைட் பாறைகள் சிதைந்து வந்த கனமான கனிமங்கள். வெளிர் மணலான குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, கருப்பு இரும்புக் கனிமமான மேக்னடைட்டுக்கு 5.2. லேசானதைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போக, கனமானது தங்கிவிடுகிறது.

சோதிக்க வேண்டுமானால் ஒரு கைப்பிடி மணலை வண்டல் போகும்வரை அலசி, வெயிலில் நன்றாகக் காயவைத்துக் காகிதத்தில் பரப்புங்கள். ஈரம் இருந்தால் குவார்ட்ஸும் கூடவே ஒட்டி வரும். பழைய ஸ்பீக்கர் காந்தம் போதும். பாலிதீன் பையில் சுற்றித்தான் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டிய பொடியை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். தாவி ஒட்டுவது மேக்னடைட் (பாலத்தடி மணல் வேண்டாம், இரும்புத் துருவும் ஒட்டும்). மிஞ்சும் கருப்பில் இல்மனைட், ஹார்ன்பிளெண்ட், பைராக்சீன் என்ற கனிமங்கள் இருக்கும். இளஞ்சிவப்பு மணி கார்னெட்.

எரிமலைக் குழம்பைப் போலப் பூமியின் கவச அடுக்கோடு (மேலோட்டுக்குக் கீழே உள்ளது) தொடர்புள்ள பாறை வேண்டுமென்றால் சேலம் மேக்னசைட் சுரங்கப் பக்கம் போக வேண்டும். அங்குள்ள டியூனைட் பாறை, கவசத்தில் பிறந்த மாக்மா (பாறைக் குழம்பு) ஆழத்தில் உறைந்தது. சேலம் வழியாக வரும் திருமணிமுத்தாறு காவிரியில்தான் கலக்கிறது. ஆனாலும் டியூனைட்டின் பச்சைக் கனிமமான ஒலிவின் டெல்டா வரை தாங்குவது அரிது: மிகுந்த வெப்பத்தில் முதலில் படிகமாகும் கனிமம்தான் மேற்பரப்பில் முதலில் சிதையும். ஆற்று மணலில் பச்சை மணி பளபளத்தால், உடைந்த பாட்டில் கண்ணாடியா என்று முதலில் பாருங்கள்.