தலைகீழாக நிற்க வாத்தியார் எதற்கு?

அன்புள்ள ஐயா,

எனக்கு வயது 36. மதுரை திருநகரில் இருக்கிறேன். ஊரடங்கு நாட்களில் யூடியூப் பார்த்து, கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்கப் பழக ஆரம்பித்தேன். சுவரில் காலைச் சாய்த்தால் ஒரு நிமிடம் நிற்பேன். சுவரை விட்டால் இரண்டு நொடி. வருடக்கணக்காக இதே நிலைமை. கே.கே. நகரில் சொல்லித்தரும் ஒருவர் மாதம் 3000 ரூபாய் கேட்கிறார். எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்போது இது தேவையா? இது நம் கலையா, மேல்நாட்டு சர்க்கஸா என்றும் ஒரு குழப்பம். இந்த வயதில் எதற்கு இந்த வேலை என்கிறார் மனைவி.

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் மனைவிக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். என்னை இழுக்காதீர்கள். நம் கலையா என்ற கேள்வியும் வேண்டாம். கழைக்கூத்தாடி வீட்டுப் பிள்ளைகள் நம் தெருவில் கைகளால் நடந்தபோது சில்லறையை விட்டெறிந்துவிட்டுப் போனவர்கள் நாம். இப்போது பாரம்பரியம் விசாரிக்கிறோம்.

‘இலவசமாகக் கிடைக்கும்போது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிக்காகத்தான் இந்தப் பதில். ஒரு கல்லூரியில் இதைப் பற்றிப் பேசப்போய், பாதியில் கரண்ட் போய், பேச்சும் அத்தோடு நின்றது. மீதியை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

காணொளி பார்த்து நீங்கள் என்னவெல்லாம் தெரிந்து வைத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். முழங்கை மடங்கக் கூடாது. தோள் காதை நோக்கி உயர வேண்டும். விலா உள்ளே, வயிறு இறுக்கம், கால்கள் ஒட்டி, பார்வை இரு கைகளுக்கும் நடுவில், விரல்கள் விரிந்து தரையைப் பற்ற வேண்டும். எல்லாம் சரிதான். ஆனால் உங்களுக்கு இருப்பதோ இரண்டு நொடி. அதற்குள் இத்தனையையும் நினைத்துப் பார்க்க எவனால் முடியும்?

செல்லூர்ப் பக்கம் வைகை மணலில் நாங்கள் பையன்களாகச் சிலம்பம் பழகினோம். கம்பு சுற்றுவதற்கு நடுவே ஆசான் கைகளால் நிற்கவும் சொல்லித்தருவார். முதலில் கற்றுத்தந்தது விழுவதற்கு. பின்பக்கம் சாய்கிறோம் என்று தெரிந்தால் ஒரு கையைப் பெயர்த்து வைத்து, உடம்பைத் திருப்பி, பக்கவாட்டில் காலை இறக்கிவிட வேண்டும். அது பழகியபிறகுதான் நிற்பது. பயம் உள்ளவன் காலை அரைமனதாகத்தான் உதைப்பான், அது மேலே போய்ச் சேராது. உங்கள் வயதில் அந்தப் பயம் இன்னும் அதிகம். விழப் பழகியதும் ஆசான் எங்களை மணலிலிருந்து கெட்டித் தரைக்குக் கூட்டிப்போனார். மணலில் கை புதையும், விரலுக்குப் பிடிமானம் இருக்காது. காலில் நிற்கும்போது கணுக்கால் பார்க்கிற வேலையைத் தலைகீழாக நிற்கும்போது மணிக்கட்டும் விரல்களும் பார்க்கின்றன. முதுகுப் பக்கம் சாய்ந்தால் விரல் நுனியை அழுத்த வேண்டும், கால் வந்த வழியே திரும்பினால் உள்ளங்கையின் அடிப்பகுதியை. நீங்கள் சுவரில் சாய்ந்து நிற்கும் அந்த ஒரு நிமிடமும் இந்த வேலையைச் சுவர் பார்த்துவிடுகிறது. உங்கள் விரல்கள் சும்மா இருக்கின்றன.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆசான் ஒரு நாளைக்கு ஒரு வார்த்தைதான் சொல்வார். எனக்குச் சொன்னது ‘தோளு’. மறுநாளும் ‘தோளு’. அடுத்த வாரமும் அதேதான். என் கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி விரிந்து கிடக்கும், இடுப்பு வில்லாக வளைந்திருக்கும். கூட நின்ற பையன்களெல்லாம் சிரிப்பார்கள். பொறுக்கமாட்டாமல், “காலு விரியுதே, அதச் சொல்லவே மாட்டேங்குறீங்களேண்ணே” என்று கேட்டேன். “காலு தானா வரும்டா. நீ தோளத் தள்ளு” என்றார். தோள் திறக்காதவனுக்கு, அதாவது கை காதை ஒட்டி நேராக நிமிராதவனுக்கு, இடுப்பு வளைந்தே தீரும். இடுப்பு வளைந்தால் உடம்பு சமாளிப்பதற்குக் காலை விரிக்கும். வேர் எது என்று அவருக்குத் தெரியும். தோள் வந்த பிறகு காலைப் பற்றி யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எம்., உங்கள் உடம்பில் பத்துக் குறை இருக்கும். பத்தையும் கண்டுபிடிக்க உங்கள் செல்போனே போதும், படம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற ஒன்பதையும் கண்ணால் பார்த்துக்கொண்டே வாயை மூடிக்கொண்டிருக்கப் பல வருடப் பழக்கம் வேண்டும். நான் வாத்தியார் என்று சொல்வது அந்த ஆளைத்தான். எந்தக் காணொளியும் அப்படிச் சும்மா இருக்காது. அது உங்களைப் பார்க்கவே இல்லை, ஊருக்கெல்லாம் சேர்த்துப் பேசுகிறது. தலைகீழாக இருக்கும்போது நம் உடம்பும் நமக்கு உண்மை சொல்லாது. நேராக நிற்கிறோம் என்றே தோன்றும். கணுக்காலில் இரண்டு விரலை வைத்துப் பிடித்திருந்த ஆசான், அதை எப்போது எடுத்தார் என்று எனக்குத் தெரிந்ததே இல்லை.

அந்தக் காலத்து ஆசான்கள் காசு வாங்கவில்லையே என்று ஆரம்பித்துவிடாதீர்கள். எங்கள் ஆசானுக்கு வெற்றிலை பாக்கும் பொங்கலுக்கு ஒரு வேட்டியும்தான் கிடைத்தது. அவர் பெருந்தன்மையாக இருந்தார் என்று சொல்லிக்கொள்வது நமக்கு வசதி. அவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. ஓட்டலில் குடும்பத்தோடு நாலு தடவை சாப்பிடுகிற பணத்துக்கு இவ்வளவு யோசனையா?

ஆனால் கண்ணை மூடிக்கொண்டு போய்ச் சேராதீர்கள். ஒருநாள் காலையில் போய் ஓரமாக உட்கார்ந்து, புதிதாக வந்தவரிடம் அவர் எவ்வளவு பேசுகிறார் என்று பாருங்கள். மூச்சுவிடாமல் திருத்திக்கொண்டே இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். முதல் நாளே விழச் சொல்லித்தருகிறவர் என்றால் பணத்தைக் கட்டுங்கள்.

அப்புறம் ஒன்று. தலைகீழாக நின்றால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களுக்கு இது ஆகாது, அந்த நோயோ பெரும்பாலும் வலி காட்டாமல் வரும். அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய ஊரில் இருந்துகொண்டு கண்ணைக் காட்டாமல் இருந்தால் உங்களை என்ன சொல்வது? இரத்த அழுத்தத்தையும் பார்த்துவிடுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் அடுத்த மாதமே சேருங்கள்.