கடலடியில் ஒரு கைக்கடிகாரம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் தம்பி, முகப்பைச் சுற்றி எண்கள் பொறித்த வளையம் உள்ள கடிகாரம் ஒன்றை அனுப்பியிருக்கிறான். அந்த வளையம் இடப்புறமாக மட்டுமே சுற்றுகிறது. வலப்புறம் திருப்பினால் அசைவதே இல்லை. இது பழுதா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பழுதில்லை. இது கடலில் மூழ்குவோருக்கான கடிகாரம்; ஒரு பக்கம் மட்டும் சுற்றும்படியாகவே அந்த வளையத்தைச் செய்திருக்கிறார்கள். கடலுக்குள் இறங்குபவர், இறங்கும் வேளையில் வளையத்தின் முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேராகத் திருப்பி வைத்துக்கொள்வார். அதன்பின் நிமிட முள் வளையத்தில் எந்த எண்ணைத் தொடுகிறதோ, அத்தனை நிமிடங்கள் நீருக்கடியில் கழிந்துவிட்டன என்று பொருள். முதுகில் சுமக்கும் உருளையில் உள்ள காற்றுக்கும் அளவு உண்டு. அழுத்தத்தால் உடலில் கரையும் நைட்ரஜனுக்கும் அளவு உண்டு. பாறையிலோ படகின் விளிம்பிலோ கை உரசி வளையம் வலப்புறம் நகர்ந்துவிட்டால், உண்மையில் 40 நிமிடம் ஆகியிருக்க, 30 நிமிடம்தான் ஆயிற்று என்று கடிகாரம் காட்டும். அந்தப் பத்து நிமிடம் உயிரைக் குடிக்கக்கூடியது. இடப்புறம் நகர்ந்தாலோ, ஆன நேரத்தைவிடக் கூடுதலாகவே காட்டும். மூழ்கியவர் சற்று முன்னதாக மேலே வந்துவிடுவார், அவ்வளவுதான்.

இவ்வகைக் கடிகாரம் பிறந்த கதையிலும் இதே அச்சம்தான் இருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பிளாங்பான் நிறுவனத்தை நடத்திவந்த ஜான் ஜாக் ஃபீக்டர், தென் பிரான்ஸ் கடலில் மூழ்கியிருந்தபோது நேரம் போனதே தெரியாமல் காற்று தீர்ந்து, அவசரமாக மேலே வர நேர்ந்தது. பிரெஞ்சுக் கடற்படையின் நீரடிப் போர்ப் பிரிவைச் சேர்ந்த ராபர்ட் மலூபியே, குளோட் ரிஃபோ ஆகிய இருவரும் தம் வீரர்களுக்கு ஏற்ற கடிகாரத்தைத் தேடிக்கொண்டிருந்த காலமும் அதுவே. இந்த இரண்டு தேவைகளும் சேர்ந்து 1953-இல் 'ஃபிஃப்டி ஃபேதம்ஸ்' உருவாயிற்று. ஃபேதம் என்பது வேறொன்றுமில்லை, நம் மீனவர்கள் கடலாழத்தைச் சொல்லும் 'பாகம்' என்ற அளவுதான்: விரித்த இரு கைகளின் நீளம். ஐம்பது பாகம் ஏறக்குறைய 91 மீட்டர். அந்தக் கடிகாரத்தின் வளையத்தை அழுத்திப் பிடித்தால்தான் சுற்ற முடியும். அதே ஆண்டில் உருவான ரோலெக்ஸ் 'சப்மரினர்' தொடக்கத்தில் இருபுறமும் சுற்றும் வளையத்தோடுதான் இருந்தது. ஒருபக்கச் சுழற்சி அதற்குப் பிற்பாடுதான் வந்தது.

கேள்வி: முகப்பில் 300 மீட்டர் என்று எழுதியிருக்கிறார்கள். அத்தனை ஆழத்துக்கு யார் போகப்போகிறார்கள்? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: பொழுதுபோக்காக மூழ்குபவர்களுக்கு 40 மீட்டரே எல்லை. காற்றுருளையோடு மனிதர் இறங்கிய சாதனை ஆழமே, எகிப்தின் அகமது கபர் 2014-இல் செங்கடலில் தொட்ட 332 மீட்டர்தான். ஆகவே அந்த எண்ணை நீங்கள் இறங்கவேண்டிய ஆழமாக அல்ல, கடிகாரத்தின் உறுதிக்கான அளவாகக் கொள்ள வேண்டும். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 300 மீட்டரில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் சுமார் 30 கிலோ அழுத்தும். மூன்று சென்டிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடியின்மேல் 200 கிலோவுக்கு மேற்பட்ட பாரம் ஏறும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

ஐ.எஸ்.ஓ. 6425 என்ற பன்னாட்டுத் தரம், மூழ்குவோர் கடிகாரம் குறைந்தது 100 மீட்டரைத் தாங்க வேண்டும் என்றும், எழுதியிருப்பதைவிட 25 விழுக்காடு கூடுதல் அழுத்தத்தில் ஒவ்வொரு கடிகாரமும் தனித்தனியே சோதிக்கப்பட வேண்டும் என்றும் சொல்கிறது. இருட்டில் 25 சென்டிமீட்டர் தொலைவிலிருந்து நேரம் தெரிய வேண்டும் என்பதும் அதில் உண்டு. பழைய கடிகாரங்களில் முள் ஒளிர்வதற்குக் கதிரியக்கமுள்ள ரேடியத்தைப் பூசினார்கள், பின்னர் டிரிட்டியத்தைப் பூசினார்கள்; இன்று பகல் வெளிச்சத்தை வாங்கிவைத்து இருட்டில் உமிழும், கதிரியக்கமில்லாத பூச்சு வந்துவிட்டது. சாதாரணக் கடிகாரத்தில் உள்ள '30 மீட்டர்' என்ற குறிப்பை நம்பி யாரும் நீந்தப் போக வேண்டாம். அது மழைத் தூறலுக்கும் கை கழுவும்போது தெறிக்கும் நீருக்கும் மட்டுமே.

கேள்வி: சில விலையுயர்ந்த கடிகாரங்களின் பக்கவாட்டில் ஹீலியம் வால்வு என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன? – வாசகி, திருச்சி

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. கடலடியில் எண்ணெய்க் குழாய் பதிப்பவர்களைப் போன்ற தொழில்முறை மூழ்குநர்கள், நாள்கணக்கில் உயரழுத்த அறைக்குள்ளேயே தங்கி, ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிப்பார்கள். ஹீலியம் அணு மிகச் சிறியது. தண்ணீரே புகாத ரப்பர் வாஷரையும் கடந்து மெல்ல மெல்லக் கடிகாரத்துக்குள் நுழைந்துவிடும். வேலை முடிந்து அறையின் அழுத்தத்தைக் குறைக்கும்போது, உள்ளே புகுந்த வாயு அதே வேகத்தில் வெளியேற முடியாமல் கண்ணாடியைப் பிடுங்கி எறியும். தண்ணீர் உள்ளே அழுத்துவதைத் தாங்கிய கடிகாரம், உள்ளிருந்து வந்த அழுத்தத்தில் உடைந்தது. 1967-இல் வந்த ரோலெக்ஸ் 'சீ-டுவெல்லர்' இதற்கு விடையாக ஒரு சிறு வால்வை வைத்தது. உள்ளழுத்தம் ஓர் அளவைத் தாண்டினால் அது தானே திறந்து வாயுவை விட்டுவிடும்.

ஜப்பானியர் வேறு வழியில் சிந்தித்தார்கள். 1968-இல் ஹிரோஷிமா பகுதியைச் சேர்ந்த தொழில்முறை மூழ்குநர் ஒருவர், சந்தையில் உள்ள கடிகாரங்கள் தங்கள் வேலைக்கு ஈடுகொடுக்கவில்லை என்று செய்க்கோ நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினார். அந்த ஒரு கடிதத்தை மதித்து ஏழு ஆண்டுகள் உழைத்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது. 1975-இல் 600 மீட்டர் தாங்கும் டைட்டானியக் கடிகாரம் வந்தது. அதில் வால்வே இல்லை. பின்மூடி என்று தனியாக ஒன்று இல்லாத ஒரே வார்ப்பான கூட்டையும், 'எல்' வடிவ வாஷரையும் கொண்டு, ஹீலியம் உள்ளே நுழைவதையே தடுத்துவிட்டார்கள். ஆழத்தில் மூழ்குநரின் உடை நசுங்கி மெலிவதால் கடிகாரப் பட்டை தளர்ந்துபோகும் அல்லவா, அதற்காகத் துருத்தி மடிப்புள்ள பட்டையையும் அதனோடு கொடுத்தார்கள். வந்ததை வெளியேற்றுவதைவிட வராமல் தடுப்பதே மேலான பொறியியல் என்பது என் கருத்து. கடற்கரையில் குளிப்பவர்களுக்கு இரண்டுமே தேவையில்லை.

கேள்வி: இன்றைய மூழ்குநர்கள் உண்மையில் இவற்றைப் பயன்படுத்துகிறார்களா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: பெரும்பாலும் இல்லை. ஆழம், நேரம், நைட்ரஜன் கணக்கு எல்லாவற்றையும் கையில் கட்டும் சிறு கணினியே காட்டிவிடுகிறது. மின்கலம் கைவிட்டால் துணைக்கு இருக்கட்டும் என்று கட்டிக்கொள்பவர்கள் உண்டு.

கேள்வி: அப்படியானால் லட்சக்கணக்கில் விலை எதற்கு? வாங்கியவர் எப்படிப் பேண வேண்டும்? – வாசகர், சென்னை

பதில்: விலையின் ஒரு பகுதி வேலைப்பாட்டுக்கு உரியது: வெயிலில் வெளுக்காத, எளிதில் கீறல் விழாத பீங்கான் வளையம், நீலக்கல் கண்ணாடி, கருவி எதுவுமின்றி இரண்டிரண்டு மில்லிமீட்டராக நீட்டிக்கொள்ளும் சங்கிலிக் கொக்கி ஆகியவற்றுக்கு உண்மையான உழைப்பு தேவைப்படுகிறது. 2022-இல் ரோலெக்ஸ் கொண்டுவந்த, 11,000 மீட்டர் தாங்கும் டைட்டானியக் கடிகாரத்தின் கண்ணாடி மட்டுமே 9.5 மில்லிமீட்டர் தடிப்பு. மீதி விலை பெயருக்கும், கேட்பவர் பலர் கிடைப்பது சில என்ற நிலைக்கும் உரியது. ஐ.எஸ்.ஓ. தரத்தை நிறைவேற்றும் ஜப்பானியக் கடிகாரங்கள் இதைவிடப் பன்மடங்கு குறைந்த விலையில் கிடைக்கின்றன. கடலுக்காக மட்டும் வாங்குபவருக்கு அவையே போதும்.

எதை வாங்கினாலும், சாவிக் குமிழை இறுதிவரை திருகி மூடியபின்பே தண்ணீரில் இறங்குங்கள். நீருக்குள் அதைத் தொடவே தொடாதீர்கள். கடல் நீரிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், இல்லாவிட்டால் உப்பு படிந்து வளையம் இறுகிவிடும். வெந்நீர்க் குளியலின்போது கழற்றி வையுங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் காலப்போக்கில் காய்ந்துபோகும் என்பதால், முகப்பில் 300 மீட்டர் என்று எழுதியிருக்கும் பழைய கடிகாரம் வாளித் தண்ணீரைக்கூடத் தாங்காமல் போகலாம். தம்பி அனுப்பியது, தாத்தா விட்டுச்சென்றது, பழையதாக வாங்கியது எதுவானாலும், அழுத்தச் சோதனை செய்து வாஷரை மாற்றிய பிறகே தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோங்கள்.